ஃபனல் பார்க்க எந்தக் கருவி? ஜிஏ4-ஐயே நம்பி இருக்கலாமா, வேறு ஒன்றுக்கு மாறலாமா?

புதுவரவு_பிஎம்

எல்லோருக்கும் வணக்கம். சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஒரு சேவையில் வேலை பார்க்கிறேன். வெப்சைட், ஆண்ட்ராய்டு ஆப், ஐஓஎஸ் ஆப் மூன்றும் உண்டு. ஆள் வருவது பெரும்பாலும் வெப்சைட் வழியாக, கணக்குத் தொடங்குவது வெப்பிலோ ஆப்பிலோ, பணம் கட்டுவது மறுபடி வெப்பில். இந்தப் படிகளில் எத்தனை பேர் அடுத்ததுக்குப் போகிறார்கள், எங்கே விழுகிறார்கள் என்ற ஃபனல் கணக்குக்கு ஜிஏ4-உம் (கூகிள் அனலிட்டிக்ஸ் 4) ஃபயர்பேஸும் (ஆப்களுக்கான கூகிளின் சேவை) போட்டிருக்கிறோம்.

பிரச்சினை என்னவென்றால், விலைப் பக்கம் பார்த்தவர்களில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று கேட்டால் மார்க்கெட்டிங் ஒரு எண் சொல்கிறது, டேட்டாபேஸ் வேறு எண் சொல்கிறது, இரண்டுக்கும் இடைவெளி கொஞ்சநஞ்சமில்லை. மேலே இருப்பவர்கள் "நல்ல டூலாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்று முடித்துவிட்டார்கள். மிக்ஸ்பேனல், ஆம்ப்ளிட்யூட், ஹீப், போஸ்ட்ஹாக் என்ற நான்கு அனலிட்டிக்ஸ் டூல்களுக்கும் டெமோ பார்த்தாயிற்று. டெமோவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. டெவலப்பர் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எதை எடுக்கலாம்?

எண்ணிப்பார்

எண் ஒத்துப்போகவில்லை என்பது ஒரு பிரச்சினை, ஃபனல் பார்க்க வசதியில்லை என்பது வேறு பிரச்சினை. முதலாவதுக்குப் புது டூல் மருந்தில்லை. இதே ஈவென்ட்களை (பக்கம் திறந்தார், பட்டன் அழுத்தினார் என்று போகும் பதிவுகள்) அப்படியே மிக்ஸ்பேனலுக்கு அனுப்பினால் உங்களிடம் இரண்டு எண்ணுக்குப் பதில் மூன்று எண் இருக்கும், அவ்வளவுதான்.

ஜிஏ4-ஐ எங்கே திறந்து பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ரிப்போர்ட் பகுதியிலா, எக்ஸ்ப்ளோர் பகுதியில் இருக்கும் ஃபனல் எக்ஸ்ப்ளோரேஷனிலா? இரண்டும் ஒன்றல்ல. எக்ஸ்ப்ளோரில் 10 படிகள் வரை வைக்கலாம், ஓபன் (எந்தப் படியிலும் நுழையலாம்), குளோஸ்டு (முதல் படியிலிருந்துதான் வர வேண்டும்) என்று மாற்றலாம், ஒரு படிக்கு அடுத்த படி உடனே வர வேண்டுமா, இடையில் வேறு எது நடந்தாலும் பரவாயில்லையா என்றும் சொல்லலாம். இலவசமாகக் கிடைப்பதற்கு இது நல்ல வசதி, பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஆனால் ஒன்று, செட்டிங்ஸில் டேட்டா ரிட்டென்ஷன் என்று இருக்கும், போய்ப் பாருங்கள். தானாக 2 மாதம் என்றுதான் இருக்கும். அதை 14 மாதமாக மாற்றாவிட்டால் எக்ஸ்ப்ளோரில் போன காலாண்டின் ஃபனலைக்கூடப் பார்க்க முடியாது. இலவசப் பதிப்பில் அதற்கு மேல் நீட்டவும் முடியாது. ஒரு கேள்விக்கு 1 கோடி ஈவென்டைத் தாண்டினால் சாம்பிளிங் (ஒரு பகுதியை வைத்து மொத்தத்தை மதிப்பிடுவது) வேறு செய்வான். மேல் மூலையில் சின்னதாக ஒரு குறி வரும், அதை யாரும் பார்ப்பதில்லை.

புதுவரவு_பிஎம்

இப்போதுதான் பார்த்தேன். 2 மாதம் என்றே இருக்கிறது. மாற்றிவிட்டேன். பழையது திரும்ப வருமா?

எண்ணிப்பார்

அழிந்தது அழிந்ததுதான். இனிமேல் சேர்வதுதான் நிற்கும். கையோடு பிக்குவெரி (கூகிளின் தரவுக் கிடங்கு) ஏற்றுமதியையும் இன்றே போட்டுவிடுங்கள். இணைத்த நாளிலிருந்துதான் தரவு சேரும், பின்னோக்கிப் போகாது. இலவசப் பதிப்பில் தினசரி ஏற்றுமதிக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் ஈவென்ட் என்று வரம்பு உண்டு, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதற்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்.

வெப்ஹூக்_வேலாயுதம்

எண் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை நான் சொல்லட்டுமா. பணம் கட்டும் படியில் உங்கள் பக்கத்தை விட்டு பேமென்ட் கேட்வேக்குப் போய், அங்கிருந்து வங்கியின் ஓடிபி பக்கத்துக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள் இல்லையா. வங்கிப் பக்கத்தில் "வெற்றி" என்று பச்சை எழுத்து வந்தவுடன் ஒரு கூட்டம் டேபை மூடிவிடும். அவர்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. உங்கள் நன்றிப் பக்கம் திறக்கவே இல்லை, பர்ச்சேஸ் ஈவென்ட் போகவே இல்லை. ஆனால் கேட்வே அனுப்பும் வெப்ஹூக் (பணம் வந்தது என்ற தானியங்கித் தகவல்) உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டது, ஆகவே டேட்டாபேஸில் கணக்கு ஏறிவிட்டது.

திரும்பி வந்தவர்களிலும் ஒரு கூத்து உண்டு. வங்கித் தளத்திலிருந்து வந்ததாக ஜிஏ4 எழுதிக்கொள்ளும், வாங்கியதற்குக் காரணம் விளம்பரம் இல்லை, வங்கி என்று ரிப்போர்ட் சொல்லும். அன்வான்டட் ரெஃபரல்ஸ் என்ற பட்டியலில் கேட்வே, வங்கி டொமைன்களைச் சேர்த்தால் இது பெருமளவு சரியாகும்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். போனில் பழைய டேப் தானாக மறுபடி லோட் ஆகி நன்றிப் பக்கம் இரண்டாவது தடவை திறக்கும். டிரான்ஸாக்ஷன் ஐடி ஒழுங்காக அனுப்பியிருந்தால் ஜிஏ4 அதே பயனரின் இரட்டிப்பைக் கழித்துக்கொள்ளும். காலியாக அனுப்பியிருந்தால் அது இன்னொரு வில்லங்கம்.

ஆகவே கடைசிப் படியை மட்டுமாவது பிரவுசரை நம்பாமல் சர்வரிலிருந்து அனுப்புங்கள். வெப்ஹூக் வந்ததும் அங்கிருந்தே ஈவென்ட். எந்த டூல் எடுத்தாலும் இந்த வேலை தப்பாது.

நள்ளிரவு_டெவ்

மேலே சொன்னதற்கு ஒரு வால்: சர்வரிலிருந்து அனுப்பும்போது பிரவுசரில் இருந்த கிளையன்ட் ஐடியையும் செஷன் ஐடியையும் (அந்த பிரவுசரையும் அந்த வருகையையும் அடையாளம் காட்டும் எண்கள்) ஆர்டரோடு சேமித்து வைத்து அதையே திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் யாரோ புது ஆள் வானத்திலிருந்து குதித்துப் பணம் கட்டிவிட்டுப் போனது போல் பதிவாகும். விலைப் பக்கம் பார்த்தவர் வேறு, வாங்கியவர் வேறு என்று ஃபனல் இரண்டாக உடையும்.

புதுவரவு_பிஎம்

இது எங்களிடம் அப்படியே பொருந்துகிறது. நன்றி. ஆனால் இடைவெளி முழுவதும் இதனால்தானா?

வரிசை_அட்டவணை

இல்லை. டேட்டாபேஸ் எண்ணை எடுத்துத் தருவது யார், என்ன கேள்வி எழுதி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சந்தா சேவை என்கிறீர்கள். பேமென்ட் டேபிளில் புதுப்பித்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் விலைப் பக்கத்துக்கு வந்தே இருக்க மாட்டார்கள், கார்டிலிருந்து தானாகப் பிடித்திருக்கும். அப்புறம் அலுவலக டெஸ்ட் கணக்குகள், பணம் திருப்பிக் கொடுத்தவை, ஒரே ஆள் முதல் முயற்சி தோற்று இரண்டாவதில் கட்டியது. கடைசியாக டைம் ஸோன். டேட்டாபேஸ் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், ஜிஏ4 ரிப்போர்ட் நீங்கள் வைத்த நேரத்தில் இருக்கும். தினசரி எண் ஒருநாளும் ஒட்டாது.

"முதல் முறை, வெற்றிகரமாக, உண்மையான வாடிக்கையாளர் கட்டிய பணம்" என்று ஒரு வரி எழுதி எல்லோரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். பாதி இடைவெளி அந்த ஒரு வரியிலேயே போய்விடும்.

எண்ணிப்பார்

அதோடு ஃபனல் என்ற கணக்கே எப்படிப் போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவர் விலைப் பக்கத்துக்கு ஐந்து செஷனில் (ஐந்து தனித்தனி வருகையில்) வந்து ஐந்தாவதில் வாங்குகிறார் என்று வையுங்கள். ஆள் கணக்கில் 100 சதவீதம். செஷன் கணக்கில் 20 சதவீதம். இரண்டும் சரிதான்! மார்க்கெட்டிங் செஷன் கணக்குச் சொல்லும், ப்ராடக்ட் ஆள் கணக்குச் சொல்லும், கூட்டத்தில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வரிசையும் அப்படித்தான். நீங்கள் விலைப் பக்கம், கணக்குத் தொடங்குதல், பணம் என்று படி வைக்கிறீர்கள். ஒருவர் திங்கள் ஆப்பில் கணக்குத் தொடங்கிவிட்டு, செவ்வாய் விலை பார்த்து, புதன் பணம் கட்டுகிறார். குளோஸ்டு ஃபனலில் இவர் முதல் படியிலேயே கழன்றுகொண்டவர். பணம் கொடுத்த மனிதர், உங்கள் சார்ட்டில் "விலையைப் பார்த்துப் பயந்து ஓடியவர்". அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு யாராவது விலையைக் குறைக்கச் சொல்லுவார். இந்த மாதிரி ஆட்கள் உங்களிடம் நிறைய இருக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஆப்பில் முதலில் கணக்கு, அப்புறம்தான் விலை.

இங்கேதான் டூல்களுக்குள் உண்மையான வித்தியாசம் தெரியும். ஆம்ப்ளிட்யூடில் இதே வரிசை, எந்த வரிசையானாலும் சரி, இடையில் எதுவும் வரக்கூடாது என்று மூன்று விதமாகவும் கேட்கலாம். மிக்ஸ்பேனலில் ஆள் கணக்கு, மொத்தக் கணக்கு, செஷன் கணக்கு என்று ஒரே சார்ட்டில் மாற்றிப் பார்க்கலாம், ஒரே பொருளுக்குத்தான் எல்லாப் படியும் நடந்திருக்க வேண்டும் என்று கட்டிப்போடவும் வழி உண்டு. முதல் படியிலிருந்து கடைசிப் படிக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதும் ஒவ்வொன்றிலும் தானாக வேறு வேறு இருக்கும். இரண்டு டூலை ஒப்பிடுகிறவர்கள் அதை ஒன்றாக்காமல் ஒப்பிட்டுவிட்டு "இது தப்பாகக் காட்டுகிறது" என்பார்கள்.

சொந்த_சர்வர்

எதற்கு இத்தனை தலைவலி? பிக்குவெரியில் தரவு இருக்கிறது, எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதத் தெரிந்த ஒருவர் போதும். கிளிக்ஹவுஸ் என்ற டேட்டாபேஸ் வைத்தால் விண்டோஃபனல் என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, எத்தனை நொடி அவகாசம், என்னென்ன படி என்று கொடுத்தால் ஒவ்வொரு ஆளும் எந்தப் படி வரை போனார் என்று சொல்லிவிடும். வரிசை கண்டிப்பா இல்லையா என்பதற்கும் மோட் உண்டு. போஸ்ட்ஹாக் அடியில் ஓடுவதும் கிளிக்ஹவுஸ்தான். மாதாமாதம் பில் கட்டிக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

புதுவரவு_பிஎம்

எங்களிடம் அப்படி ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஏற்கெனவே வரிசை நிற்கிறது.

கேள்விமேல்கேள்வி

அதேதான். ஃபனல் என்பது ஒரு கேள்வியோடு நிற்காது. எங்கே விழுகிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்ட்ராய்டிலா ஐஓஎஸ்ஸிலா என்று கேட்பீர்கள், அப்புறம் புது வெர்ஷனிலா பழையதிலா, அப்புறம் விழுந்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் போட்டு இரண்டு நாள் காத்திருந்தால் மூன்றாவது கேள்விக்கு முன்னால் ஆர்வமே போய்விடும். மிக்ஸ்பேனல் மாதிரியான டூலுக்குக் கொடுக்கும் பணம் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான். எஸ்கியூஎல்லால் செய்ய முடியாதது எதுவும் அதில் இல்லை என்பது உண்மை, ஆனால் எஸ்கியூஎல் தெரியாத ஏழு பேர் தாங்களே தட்டிப் பார்க்கலாம் என்பதும் உண்மை.

பிரித்துப் பார்ப்பது எதற்கு முக்கியம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. போன மாதம் வெப்பில் 1000 பேர் வந்து 100 பேர் வாங்கினார்கள், ஆப்பில் 1000 பேரில் 20 பேர். மொத்தம் 6 சதவீதம். இந்த மாதம் வெப்பில் 1000-க்கு 110, ஆப்பில் விளம்பரம் கொடுத்ததால் 4000 பேர் வந்து 100 பேர் வாங்கினார்கள். இரண்டு பக்கமும் விகிதம் ஏறியிருக்கிறது, ஆனால் மொத்தம் 5000-க்கு 210, அதாவது 4.2 சதவீதம். டேஷ்போர்டில் மொத்தத்தை மட்டும் வைத்திருந்தால் நல்ல வேலை செய்த டீமுக்குத் திட்டு விழும்.

சொந்த_சர்வர்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கச்சா தரவு உங்கள் கையில் இருக்க வேண்டும். டூலை மாற்றும் நாளில் தெரியும் அதன் அருமை. ஜிஏ4-க்கு முந்தைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸைக் கூகிள் 2023 ஜூலையில் நிறுத்தி, அடுத்த ஆண்டு பழைய தரவையும் எடுத்துவிட்டபோது வரலாற்றை இழந்தவர்கள் எத்தனை பேர் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பட்டன்_காவலன்

டெவலப்பர் நேரம் குறைவு என்று முதலில் சொன்னீர்கள், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. டெமோ கொடுத்தவர்கள் நிச்சயம் ஆட்டோகேப்சர் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஹீப் அதை வைத்தே பெயர் வாங்கியது: எல்லா கிளிக்கையும் தானாகப் பிடித்துவைத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் "இந்தப் பட்டன்தான் அந்தப் படி" என்று பெயர் வைத்தால் பழைய நாட்களுக்கும் ஃபனல் வந்துவிடும். அது உண்மையிலேயே நல்ல வசதி. இப்போது மற்ற டூல்களிலும் வந்துவிட்டது.

ஆனால் அதன் கண்ணுக்குத் தெரிவது திரை மட்டும்தான். "பணம் செலுத்து" பட்டனை அழுத்தினார் என்று சொல்லும், கார்டு நிராகரிக்கப்பட்டதா, கூப்பன் செல்லவில்லையா, எந்தத் திட்டம் எடுத்தார் என்று சொல்லாது. அதுவும் பட்டனை அடையாளம் காண்பது அதன் எழுத்தையோ சிஎஸ்எஸ் கிளாஸையோ (கோடில் அதன் தோற்றத்துக்கு வைக்கும் பெயர்) வைத்து. ஒவ்வொரு பில்டிலும் கிளாஸ் பெயர் தானாக மாறும் வகையில் கட்டப்பட்ட தளமாக இருந்தால், ஒரு செவ்வாய்க்கிழமை டிப்ளாய் ஆனவுடன் ஃபனலின் மூன்றாம் படி பூஜ்யமாகும். பட்டன் எழுத்தை "வாங்கு" என்பதிலிருந்து "தொடங்கு" என்று டிசைனர் மாற்றினாலும் அதே கதி. பட்டனில் மாறாத ஒரு டேட்டா அட்ரிப்யூட் வைத்தால் தப்பிக்கலாம், ஆனால் அதற்கும் டெவலப்பர்தானே வேண்டும்.

நான் சொல்வது: ஆராய்ந்து பார்க்க ஆட்டோகேப்சர் இருக்கட்டும். மேலிடத்துக்குப் போகும் ஃபனலில் இருக்கும் ஐந்தாறு ஈவென்டைக் கையால் எழுதுங்கள். ஐந்தாறுதான், ஐம்பது அல்ல. ஈவென்ட் பெயர், எப்போது போகும், கூட என்னென்ன விவரம், யார் பொறுப்பு என்று ஒரு ஷீட். கணக்குத் தொடங்கும் பட்டனை அழுத்தியபோது ஒரு பெயர், சர்வர் கணக்கை உண்டாக்கியபோது வேறு பெயர். இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டு அடித்துக்கொள்ளும் டீம்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நள்ளிரவு_டெவ்

+1. ஃபயர்பேஸில் ஈவென்ட் பெயருக்கு 40 எழுத்து, ஒரு ஈவென்டுக்கு 25 பாராமீட்டர் என்ற வரம்புகளும் உண்டு, ஷீட் போடும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதுவரவு_பிஎம்

இன்னொரு சந்தேகம். வெப்பில் விலை பார்த்தவரும் ஆப்பில் கணக்குத் தொடங்கியவரும் ஒரே ஆள் என்று டூலுக்கு எப்படித் தெரியும்? டெமோவில் "அதெல்லாம் தானாக இணைந்துவிடும்" என்றார்கள்.

எண்ணிப்பார்

தானாக ஒன்றும் இணையாது. லாகின் ஆகும் நேரத்தில் உங்கள் கோட் "இந்த அனாமதேய ஆள்தான் நம் பயனர் எண் இன்னார்" என்று சொல்ல வேண்டும், அதற்கு ஐடென்டிஃபை என்பது போல ஒரு அழைப்பு எல்லா டூலிலும் இருக்கும். வெப்பிலும் லாகின், ஆப்பிலும் லாகின் என்றால் இரண்டும் ஒரே எண்ணில் சேரும். வெப்பில் விலையை மட்டும் பார்த்துவிட்டு ஆப்பில் கணக்குத் தொடங்கியவர், வெப்பில் லாகின் ஆகும்வரை இரண்டு ஆள்தான். அதை எந்த டூலும் மாயம் செய்து ஒட்டாது.

லாக்அவுட்டில் ரீசெட் அழைக்கவும் மறக்கக்கூடாது. ஒரே கணினியை இருவர் பயன்படுத்தினால் அடுத்தவர் செய்தது முன்னவர் கணக்கில் ஏறும். அலுவலகத்தில் டெஸ்ட் செய்பவர்கள் ஒரே போனில் பத்து கணக்கு திறப்பார்கள், அங்கேதான் இது முதலில் வெளிப்படும்.

சஃபாரி தனிக்கதை. ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வைக்கும் குக்கியை 7 நாளைக்கு மேல் வைத்திருக்காது. இன்று விலை பார்த்துவிட்டு ஒன்பதாம் நாள் வந்து வாங்குபவர் புது ஆளாகத் தெரிவார். யோசித்து வாங்கும் வகைச் சேவை என்றால் ஐபோன் ஆட்களின் விகிதம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். ஆட் பிளாக்கர் வைத்திருப்பவர்களோ ஃபனலுக்குள்ளேயே வர மாட்டார்கள்.

பூட்டுச்சாவி

தரவு சேர்க்க அனுமதி கேட்கும் கன்சென்ட் பேனரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஐரோப்பிய வாடிக்கையாளர் இருந்தால் அனுமதி கொடுக்காதவர்கள் தரவில் இருக்கவே கூடாது, அதுவும் எண்ணைக் குறைக்கும். 2022-இல் ஆஸ்திரியாவிலும் பிரான்ஸிலும் ஒழுங்குமுறை அமைப்புகள் கூகிள் அனலிட்டிக்ஸ் பயன்பாட்டுக்கு எதிராகவே முடிவெடுத்தன, பிறகு 2023 ஜூலையில் ஐரோப்பா–அமெரிக்கா இடையே தரவு அனுப்புவதற்குப் புது ஏற்பாடு வந்தது. சட்டத்துறையைக் கேட்காமல் டூல் வாங்காதீர்கள்.

மாட்டோமோ, ப்ளாசிபிள் என்ற திறந்த மூல அனலிட்டிக்ஸ் டூல்கள் இரண்டும் இந்தக் காரணத்துக்காகப் பலர் எடுப்பவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள், மாட்டோமோவைச் சொந்த சர்வரில் வைத்தால் ஃபனல் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ப்ளக்இன். ப்ளாசிபிளின் இலவசப் பதிப்பிலும் ஃபனல் கிடையாது. திறந்த மூலம் என்றதும் எல்லாம் உள்ளே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

பட்டன்_காவலன்

எங்கே விழுகிறார்கள் என்பதை ஃபனல் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதற்கு, பயனர் திரையில் செய்வதைப் பதிவுசெய்யும் செஷன் ரெக்கார்டிங். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம், உடனே போடலாம். விழுந்த படியில் இருபது ரெக்கார்டிங் பார்த்தாலே போதும். கீபோர்டு திறந்ததும் "அடுத்து" பட்டன் அதன் அடியில் ஒளிந்துகொள்வதை எந்த சார்ட்டும் காட்டாது. பணம், முகவரி, போன் எண் கட்டங்கள் மறைக்கப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் போட்ட அன்றே நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

பில்_பார்த்தவன்

விலை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டீர்களா? மிக்ஸ்பேனல், போஸ்ட்ஹாக் ஈவென்ட் எண்ணிக்கைக்கு. வேறு சிலது மாதத்துக்கு எத்தனை பயனர் என்று. குறைந்த ஆட்கள் நிறையத் தட்டும் ஆப் என்றால் ஈவென்ட் கணக்கு உங்களைக் கடிக்கும். நிறைய பேர் வந்து ஒரு பக்கம் பார்த்துவிட்டுப் போகும் தளம் என்றால் பயனர் கணக்கு கடிக்கும். வீடியோ ஓடும்போது சில நொடிக்கு ஒருமுறை "இன்னும் பார்க்கிறார்" என்று போகும் ஈவென்ட் உங்களிடம் இருந்தால் அதை முதல் வேலையாக நிறுத்துங்கள், ஃபனலுக்கு அது எதற்கும் உதவாது. போஸ்ட்ஹாக்கில் மாதம் 10 லட்சம் ஈவென்ட் வரை இலவசம், சோதனை போட்டுப் பார்க்க அது தாராளம்.

புதுவரவு_பிஎம்

எல்லோருக்கும் நன்றி, இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். முதலில் கடைசிப் படியை வெப்ஹூக்குக்கு மாற்றுவது, ஆறு ஈவென்டுக்கு ஷீட், பிக்குவெரி ஏற்றுமதி. எண்ணை டேட்டாபேஸோடு ஒப்பிடுவது ஆர்டர் ஐடி வாரியாக, சதவீதமாக அல்ல. அது ஓரளவு ஒட்டிய பிறகு அதே ஆறு ஈவென்டை போஸ்ட்ஹாக்குக்கும் மிக்ஸ்பேனலுக்கும் அனுப்பி, மார்க்கெட்டிங் ஆட்கள் இருவரை உட்கார வைத்து, யாருடைய உதவியும் இல்லாமல் எதில் பதில் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது. ஏதாவது விட்டுப்போனதா?

நள்ளிரவு_டெவ்

ஆப்புக்கு மட்டும் தனியாகத் தேதி வைத்துக்கொள்ளுங்கள். வெப்பில் இன்று மாற்றினால் இன்றே எல்லோருக்கும் மாறிவிடும். ஆப்பில் அப்டேட் செய்யாத ஆட்கள் பழைய ஈவென்ட் பெயரையே மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள், புது ஃபனலில் அவர்கள் காணாமல் போவார்கள். எல்லா ஈவென்டிலும் ஆப் வெர்ஷன் போகிறதா என்று பார்த்துவிட்டு, புது வெர்ஷனை மட்டும் ஃபில்டர் செய்து ஒப்பிடுங்கள். நெட் இல்லாதபோது போனில் சேர்ந்த ஈவென்ட்களும் தாமதமாகத்தான் வரும், ஜிஏ4 72 மணி நேரத்துக்கு மேல் பழையதை ஏற்காது. ஆகவே நேற்றைய எண்ணை இன்று காலையே மேலிடத்துக்கு அனுப்பாதீர்கள், மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அது கொஞ்சம் ஏறியிருக்கும்.

வரிசை_அட்டவணை

அந்த ஆர்டர் ஐடி ஒப்பீட்டை எடுக்கும்போது டேட்டாபேஸில் இருந்து ஈவென்டில் இல்லாத ஐடிகளை கேட்வே வாரியாகப் பிரித்து இங்கே போடுங்கள், பார்க்கலாம். எனக்கென்னவோ ஒரே ஒரு கேட்வேயில்தான் குவிந்திருக்கும் என்று தோன்றுகிறது.